பவளம் திட்டினால் கருப்பு

பிப்ரவரி 1, ஞாயிறு

ஜெரால்டு காலையில் ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் மலைச்சுற்று சைக்கிள் குழுவுக்கு அவர்தான் செயலாளர். ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்துபவர், அதனால் எதிலும் அவசரம். கோடை விழாவுக்குள் ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட வேண்டுமாம். எட்டுப் பாதை. ஒவ்வொன்றையும் திரும்ப ஓட்டிப் பார்த்து, வழியில் என்ன தெரியும், எங்கே தண்ணீர் கிடைக்கும், யாரால் ஓட்ட முடியும் என்று எழுதித் தர வேண்டும். "தினம் தேதி போட்டு எழுதிடுங்க டீச்சர், மறக்காது" என்றார். இருபத்திரண்டு வருடம் பி.டி. டீச்சராக இருந்தவளுக்கு வருகைப் பதிவேடு எழுதத் தெரியும். நாட்குறிப்பு எழுதிப் பழக்கமில்லை. பார்ப்போம்.

"எட்டு இல்ல, ஏழு" என்றேன். "எட்டாவதுதான் டீச்சர் எல்லாத்துலயும் அழகு" என்றார். உள்ளே போய் டீ போட்டேன்.

மதியம் ஸ்டோர் ரூமில் இருக்கும் இன்னொரு சைக்கிளுக்குக் காற்று அடித்தேன். ஓட்டாத வண்டியில் காற்று இறங்கிப்போனால் டயர் வெடிப்பு விட்டுவிடும். அவ்வளவுதான் காரணம்.

பிப்ரவரி 4, புதன்

முதல் பாதை, ஏரிச் சுற்று. மேடு என்று சொல்லும்படி ஒன்றே ஒன்றுதான், அதுவும் மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடும். காலை ஏழு மணிக்குப் போனால் தண்ணீர்மேல் பனி கலையாமல் நிற்கும். பத்து மணிக்குப் போனால் பஜ்ஜிக் கடைக் கூட்டம் மட்டும்தான் தெரியும். சைக்கிள் ஏறி மூன்று நாள் ஆனவர்கள்கூட ஓட்டலாம். பச்சை.

பவளம் சைக்கிள் கற்றுக்கொண்டது இங்கேதான். அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பவளக்கொடி என் நாத்தனார், வீட்டுக்காரரின் கடைசித் தங்கை. புருஷன் வீடு சரிப்படாமல் எங்களோடு வந்து சேர்ந்து, வீட்டுக்குப் பின்னால் செடி நர்சரி போட்டவள். "சும்மா இருந்தா அழுகையா வருது அண்ணி, என்னை எதையாவது பண்ண வைங்க" என்றாள் ஒரு நாள். எனக்குத் தெரிந்தது ஆளை விரட்டி ஓட வைப்பது மட்டும்தான். சீட்டைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஓட, "விட்டுடாதீங்க அண்ணி, விட்டுடாதீங்க" என்று அவள் கத்த, அன்றைக்கு ஏரிக்கரையில் எங்களை வேடிக்கை பார்க்காத ஆள் பாக்கியில்லை. நான் கையை விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது.

இதெல்லாம் புத்தகத்துக்கு வேண்டாம். ஜெரால்டுக்குக் கொடுக்கும்போது தனியாகப் பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

காற்று அடித்தேன்.

பிப்ரவரி 11, புதன்

இரண்டாவது பாதை ஆரஞ்சுத் தோட்டத்தைச் சுற்றி வருகிறது. பழைய பச்சையே சரி. மூன்றாவதை இரண்டு மழைக்காலம் சேர்ந்து அரித்துவிட்டது. நடுவில் மண் போய்க் கல் பல்லை இளிக்கிறது. இதற்கு இனி என்ன நிறம் போடுவது?

எங்கள் குழுவில் நிறம் போட ஒரு முறை உண்டு. முதலில் நான் ஓட்டுவேன். ஆனால் என் பேச்சு செல்லாது. எனக்கு எந்த மேடும் மேடாகத் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம். பிறகு பவளம் ஓட்டுவாள். முடிவில் எல்லாரும் அவள் முகத்தைப் பார்ப்போம். சிரித்துக்கொண்டே வந்து இறங்கினால் பச்சை. வாயை மூடிக்கொண்டு வந்தால் நீலம். வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தால் கருப்பு. பாதை தொடங்கும் மரத்தில் அந்த நிறத்தில் ஒரு வட்டம் வரைந்துவிடுவோம். இந்த முறையில் ஐந்து வருடத்தில் ஏழு பாதைக்கு நிறம் போட்டோம். ஒருவரும் குறை சொன்னதில்லை.

இன்று வேறு வழியில்லாமல் வீட்டுக்காரரைக் கூட்டிப்போனேன். குருநாதன் பேக்கரி வைத்திருக்கிறார். தன் கடை வெண்ணெய் பிஸ்கட்டை ருசி பார்த்தே வளர்ந்த உடம்பு. மூன்றாவது பாதையில் சிரித்த முகமாக வந்து இறங்கினார். "அவ்ளோ சுலபமாங்க?" என்றேன். "எனக்கென்ன கஷ்டம்? பாதி வழி தள்ளிக்கிட்டுத்தானே வந்தேன்" என்றார். இவர் முகத்தை நம்பி நிறம் போட்டால் மலை முழுக்கப் பச்சையாகிவிடும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

பேக்கரிக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். பின்பக்கம், அடுப்பு ஓரமாக நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் இருக்கா... ம்... இல்ல, உன்னப் பத்தி எதுவும் கேக்கல... சரி, நீ கால நீட்டி உக்காரு, தொங்கப் போடாத." என்னைப் பார்த்ததும் "மைதாக்காரன்" என்றார். மைதாக்காரனுக்குக் கால்வலி போலிருக்கிறது. சாப்பாட்டை வைத்துவிட்டு வந்தேன்.

காற்று அடித்தேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஜெரால்டின் விடுதியில் தங்கியிருந்த ஆறு பேரை நாலாவது பாதைக்கு அழைத்துப்போனேன். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நேராகப் போகும் செம்மண் வழி. மரங்களில் மிளகுக்கொடி உச்சி வரை ஏறியிருக்கும். ஈரோட்டுக் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேருக்கு எதுவுமே கஷ்டமில்லை. பெங்களூர்க்காரர் ஒருவர் எல்லாவற்றுக்கும் "சூப்பர் மேடம்" என்றார், விழுந்தபோதும்கூட. மரியாதைக்காகச் சிரிப்பவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பவளம் யாருக்காகவும் சிரிக்க மாட்டாள். "இந்த மேட்டைக் கண்டுபிடிச்சவனைக் கொண்டாங்க அண்ணி, நாலு கேள்வி கேக்கணும்" என்பாள். பாதி ஏற்றத்தில் வண்டியைப் படுக்கப் போட்டுவிட்டு வேலியோரம் பெயர் தெரியாத செடியில் குச்சி ஒடிப்பாள். நான் விசில் ஊதுவேன். "ஊதுங்க, ஊதுங்க, இந்தச் செடிக்கும் காது கேக்கட்டும்" என்பாள். இன்றைக்கு ஒருவரும் எங்கேயும் நிற்கவில்லை. சொன்ன நேரத்துக்கு முடித்துவிட்டோம்.

விசிலை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஊத வேண்டிய தேவையே வரவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

ஐந்தாவது பாதை, மிளகுமேடு. பழைய நிறம் நீலம். அன்று பவளம் தொடக்கத்திலிருந்து கடைசி வரை வாயே திறக்கவில்லை. இன்று ஓட்டிப் பார்த்தால் அப்படியொன்றும் கடினமாகப் படவில்லை. எனக்குப் படாதுதான். நீலம் என்றே எழுதிவைத்தேன்.

மார்ச் 9, திங்கள்

பத்து நாளுக்கு முன் நல்ல மழை பெய்தது. அதனால் இன்று விடிந்ததும் மலை முழுக்கக் காப்பி பூத்திருந்தது. வருடத்தில் மூன்று நாலு நாள்தான் இந்த வெள்ளை. ஆறாவது பாதையில் தார் போட்டுவிட்டார்கள், யார் வேண்டுமானாலும் போகலாம், இருபுறமும் பூ. வாசனை மூக்கைவிட்டுப் போக மறுக்கிறது. புத்தகத்துக்கு எழுதினேன்: "பூக்கும் நாளில் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம்."

வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். நான் பாதையில் இறங்குகிற ஆள் இல்லை. பக்கத்தில் பேச ஆளில்லாமல் அவ்வளவு பூவையும் என்ன செய்வதென்றே தெரியவில்லை. எனக்குப் பவளம் வேண்டும். இதை யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன். சேலத்தில் பெரிய நாத்தனார் வீட்டில் இருக்கிறாள், முப்பது கிலோமீட்டர்கூட இல்லை, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் போதும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது. இரண்டு வருடமாக நானும் இறங்கவில்லை, அவளும் ஏறவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

காற்று அடித்தேன். ஏழாவது பாதை முடிந்தது. யாரைக் கேட்டாலும் கருப்புதான், நானே ஒப்புக்கொள்வேன்.

ஜெரால்டு மறுபடி வந்து எட்டாவதைப் பற்றி ஆரம்பித்தார். "ரெண்டு வருஷமா முள்ளுப் போட்டு மூடி வெச்சிருக்கீங்க. அதையும் சேத்துடலாம் டீச்சர். என்ன நிறம்னு மட்டும் சொல்லுங்க." அவர் போனதும் அந்தப் பாதையின் உச்சி, மேகப்பாறைக்கு நடந்தே ஏறினேன்.

மேலிருந்து சேலம் முழுசாகத் தெரிகிறது. பெரிய நாத்தனார் வீடு இருக்கும் சூரமங்கலம் எந்தப் பக்கம் என்று தேடினேன். ரயில் பாதையை வைத்து ஒருவாறு குறித்துக்கொண்டு, ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு இடது பக்கம் பவளம் இருப்பதாக வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது அந்த வளைவில் நின்றேன். எழுதித்தான் ஆக வேண்டும். இந்த ஒரு பாதைக்கு மட்டும் பவளம் ஓட்டாமல் நிறம் போட்டேன். அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். ஞாயிறன்று குழு வருவதாகச் சொல்லியாயிற்று. நான் தனியாகக் கீழேயிருந்து மேலே ஒரு தடவை ஓட்டினேன், சிரமமே இல்லை, இறங்கி வந்து மரத்தில் பச்சை வட்டம் வரைந்துவிட்டேன். திரும்பும்போது இருட்டிக்கொண்டு மழை வந்ததால் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வந்தேன். ஏறும்போது இந்த வளைவு தெரியவே தெரியாது. ஆமை வேகத்தில் வருபவளுக்குப் பாறை மறைப்பதும் சரளைக்கல் உருளுவதும் எங்கே உறைக்கும்? பாதைக்குப் போகும்போது ஒரு முகம், வரும்போது ஒரு முகம். பி.டி. டீச்சருக்கு இது தெரியாமல் போயிற்று.

பவளம் காய்ச்சலில் இளைத்திருந்தாள். "ஏற வேண்டாம், ஜெரால்டு ஜீப்புல மேல போய் இறங்கி மட்டும் வா" என்று நான்தான் சொன்னேன். பச்சை வட்டத்தைப் பார்த்தவள் பிரேக்கில் கையே வைக்கவில்லை. கீழே நின்ற எனக்கு அவள் பாட்டுப் பாடிக்கொண்டு வருவது கேட்டது. பிறகு கேட்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

நேற்று எழுதியதில் ஒன்று பாக்கி. இடது முழங்காலில் தகடு வைக்க ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகிறார்கள். பவளம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பச்சைதானே அண்ணி போட்டிருந்தீங்க?" என்று கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை, சந்தேகத்தில் கேட்டாள். தான்தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டோமோ என்ற சந்தேகம். ஆமாம், தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

நான் சொன்னது: "பச்சைன்னா கண்ண மூடிக்கிட்டு வரலாம்னு அர்த்தமா?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். எங்கள் வீட்டில் படி அதிகம், அதனால்தான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டோம். மறுநாளே நான் மரத்திலிருந்து பச்சையைச் சுரண்டி எடுத்துவிட்டேன். பட்டை பெயர்ந்து போயிற்று. அந்த இடம் இன்னும் மூடவில்லை.

மார்ச் 25, புதன்

ஏழு பாதையையும் சுத்தமாகப் பிரதி எடுத்து முடித்தேன். பதினான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில் "எட்டாவது: மேகப்பாறை. மூடப்பட்டுள்ளது" என்று ஒரு வரி.

மார்ச் 27, வெள்ளி

மேஜைமேல் வைத்த பக்கங்களைக் காணோம். "ஜெரால்டு வந்து வாங்கிட்டுப் போனாரு" என்றார் வீட்டுக்காரர். பிறகு சாயங்காலம் வரை ஆளையே காணோம். கேட்டால், கேக் டின் வாங்கச் சேலம் போனாராம். திரும்பி வந்த கையில் டின்னைக் காணவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

கடையிலிருந்து வந்தவர் ரொட்டிப் பொட்டலத்தோடு ஒரு பழுப்பு உறையையும் வைத்தார். "ஜெரால்டு திருத்தம் போட்டுக் குடுத்தாரா?" என்றேன். "படிச்சுப் பாரு டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். இந்நேரத்தில் குளிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

பென்சில் எழுத்து. நர்சரித் தொட்டிகளில் செடிப் பெயர் எழுதி ஒட்டுவாளே, அதே உருண்டை எழுத்து. நின்றபடியே படித்தேன்.

முதல் பக்கத்தில், ஏரிச் சுற்றுக்கு: "கைய எப்ப விட்டீங்கன்னு இன்னும் சொல்லல." மூன்றாவதற்கு நான் கேள்விக்குறி போட்டிருந்தேன். அதற்கு: "நீங்க எழுதினதைப் படிச்சாலே வாய் மூடிக்குது. நீலம்." ஐந்தாவதற்கு நீலத்தை அடித்திருந்தாள்: "இது பச்சை. அன்னிக்கு நான் பேசாம வந்தது மேட்டால இல்ல. என் ரோஜாவை உங்க கோழி கிளறினதுக்கு நீங்க சிரிச்சீங்க. அந்தக் கோபம்." ஐந்து வருடமாக அந்த மரத்தில் நீல வட்டம் இருக்கிறது. எத்தனை பேர் பயந்து திரும்பிப் போனார்களோ. சிரிப்பு வந்தது, கூடவே கண் கலங்கி எழுத்து தெரியவில்லை, சன்னல் பக்கம் போனேன்.

கடைசிப் பக்கத்தில் "மூடப்பட்டுள்ளது" என்பதை அடித்து எழுதியிருந்தாள்: "இதை நான் இன்னும் ஓட்டி முடிக்கல. முடிக்காம நிறம் சொல்ல மாட்டேன். 12ஆம் தேதி ஞாயிறு வரேன். என் வண்டி இருக்கா, குடுத்துட்டீங்களா?"

குளித்துவிட்டு வந்தவரிடம், "இருக்குன்னு சொல்லிடுங்க" என்றேன். "மைதாக்காரன்கிட்டயா?" என்றார்.

ஏப்ரல் 6, திங்கள்

பவளத்தின் வண்டிக்குப் புது பிரேக் கட்டை போட்டேன். செயினுக்கு எண்ணெய். மேகப்பாறைப் பாதையில் முள்ளை எடுத்தோம், நானும் ஜெரால்டும். வளைவில் இருந்த சரளையைக் கூட்டித் தள்ளலாமா என்று அவர் கேட்டார். "வேண்டாம், இருக்கறது இருக்கிற மாதிரியே இருக்கட்டும், அவ பாக்கணும்" என்றேன். முழங்கால் தாங்குமா? தினமும் ஆஸ்பத்திரியில் நகராமல் மிதிக்கிற உடற்பயிற்சி சைக்கிளை அரை மணி நேரம் மிதிக்கிறாளாம், ஒரு வருடமாக. வீட்டுக்காரர் இப்போதுதான் சொல்கிறார்.

ஏப்ரல் 11, சனி

வருவாளா?

ஏப்ரல் 12, ஞாயிறு

ஒன்பது மணிப் பஸ்ஸில் வந்தாள். படியில் இடது காலை முதலில் வைத்து, கம்பியைப் பிடித்து, மெதுவாக இறங்கினாள். முன்நெற்றியில் நரை. கையைப் பிடிக்கப் போனேன். "இறங்கிக்குவேன் அண்ணி" என்றாள்.

ஸ்டோர் ரூமில் தன் வண்டியின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். "ரெண்டு வருஷமா நின்ன வண்டியில எப்படி அண்ணி காத்து நிக்குது?"

"நல்ல டியூப்" என்றேன்.

மூலையில் இருந்த பம்ப்பைப் பார்த்தாள். பிறகு வண்டியை வெளியே உருட்டினாள்.

ஜெரால்டு ஜீப்பில் எங்கள் இரண்டு பேரையும் மேகப்பாறையில் விட்டார். அவள் சேலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, அதற்கு இடது பக்கம்தானே வீடு என்றேன். "அது எங்கயோ இருக்கு, நாங்க இந்தக் கோடி" என்று கையை நேர் எதிராக நீட்டினாள். அன்றைக்கு நான் யார் வீட்டையோ பார்த்து உருகியிருக்கிறேன்.

நான் முன்னால், அவள் பின்னால். இரண்டு கையும் பிரேக்கில். முதல் இருநூறு அடி செயின் சத்தம் மட்டும்தான் கேட்டது. வளைவுக்கு முன்னால் நான் இறங்கிவிட்டேன். அவளும் இறங்கினாள். பாறையைப் பார்த்தாள், சரளையைப் பார்த்தாள், விழுந்த இடத்தைப் பார்த்தாள்.

"பவளம், நான் கீழேருந்து மேல மட்டும்தான் ஓட்டிப் பாத்தேன். இறங்கிப் பாக்கவே இல்ல. பச்சை போட்டது என் தப்பு. ஆஸ்பத்திரியில உன்னைச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு."

"தெரியும்" என்றாள். "இந்த வளைவுல உருளும்போதே தெரியும். நீங்க சொல்லணும்னுதான் ரெண்டு வருஷம் உக்காந்திருந்தேன்." குரல் உடைந்துவிட்டது. "வருவீங்க, வருவீங்கன்னு பஸ் வர்ற நேரமெல்லாம் அக்கா வீட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

இருக்கிறது என்று சொன்னேன். என் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். நானும்தான்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். ஆரம்பித்தாள் பாருங்கள். ஆளைக் கொல்லவென்றே வழி கண்டுபிடிப்பவள் என்றாள். விசிலை முழுங்கிவிட்டுப் பிறந்தவள் என்றாள். கோழி, ரோஜா, ஏரிக்கரையில் கையை விட்டது, தீபாவளிக்குக்கூட ஒரு போன் இல்லாதது, எதையும் பாக்கி வைக்கவில்லை. வளைவை வண்டியைத் தள்ளிக்கொண்டு கடந்தாள், அதற்கும் திட்டு. கீழே சின்னப் பாலத்தருகே வீட்டுக்காரர் நின்றிருந்தார். நாங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே அவருக்குத் தங்கையின் குரல் கேட்டதாம். தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார்.

நாலு மணிப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நாளை அவளுக்கு வேலை, அங்கே ஒரு நர்சரியில். வண்டியை இங்கேயே விட்டுப் போயிருக்கிறாள். எப்போது வருவாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பஸ் திரும்பும்போது சன்னலிலிருந்து தலையை நீட்டி, "பாதிகூட இன்னும் திட்டி முடிக்கல அண்ணி" என்றாள்.

எட்டாவது பாதை, மேகப்பாறை: கருப்பு. பெயின்ட் டப்பாவைத் திறந்து பார்த்தேன். காய்ந்து கட்டியாகிக் கிடக்கிறது, நாளைக்குப் புதிது வாங்க வேண்டும்.